நான் அளந்த ஏரி

என் வாழ்க்கையில் ஒரே ஒரு சாயங்காலம் மட்டும் நான் பெரிய ஆபீசராக இருந்திருக்கிறேன். என்ன பதவி, எந்த இலாகா என்பதெல்லாம் எனக்கே தெரியாது. ஆனால் ஒரு ஊரே கூடி நின்று என்னை "சார்" என்றது. ஒருவர் ஊர் ஏரியை எடுத்துக்கொள்ளக் கூடாது என்று என் சட்டையைப் பிடித்தார். இன்னொருவர் தன் நிலத்தை ஏன் விட்டுவிட்டீர்கள் என்று அதே சட்டையை மறுபக்கம் பிடித்தார். (நல்லவேளை, கம்பெனி சட்டை. தையல் கெட்டி.)

இத்தனைக்கும் நான் புறப்பட்டது அக்கா மகளின் காதுகுத்துக்கு, பாத்திரமும் பந்தலும் ஏற்றிக்கொண்டு.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. ஓசூரில் வண்டி பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை. மூக்கண்டப்பள்ளியில் வரிசை வீட்டில் ஒற்றை அறை. என் வேலை அளப்பது. ஒருவன் அளந்து அளவை உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே நிற்பவன் அதையே திருப்பிச் சொல்லி "ஓகே" என்றோ "ரிஜெக்ட்" என்றோ கத்த வேண்டும். மிஷின் சத்தத்தில் மெதுவாகப் பேசினால் காதில் விழாது என்பதால் இந்த ஏற்பாடு. நாளடைவில் இது உடம்போடு ஒட்டிவிட்டது. ஓட்டலில் தோசை வந்தால்கூட விட்டத்தைச் சொல்லிவிட்டுத்தான் பிய்ப்பேன். எதிரே உட்கார்ந்திருப்பவன் என் கம்பெனிக்காரனாக இருந்தால் அவனும் "ஓகே" சொல்லுவான்.

என் அக்கா வளர்மதியை ஊத்தங்கரைப் பக்கம் ஒரு கிராமத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். அவள் மகள் தமிழினிக்குக் காதுகுத்து. எங்கள் பக்கத்தில் காதுகுத்து என்றால் குழந்தை தாய்மாமன் மடியில் உட்கார வேண்டும். தோடும் தாய்மாமன் கையால்தான் வர வேண்டும். அக்காவுக்கு நான் ஒரே தம்பி. அதாவது, அந்தக் குழந்தைக்கு உலகத்திலேயே வேறு மடி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குள் என் மடி ஊரில் இருக்க வேண்டும். அவ்வளவுதான் எனக்கு இடப்பட்ட வேலை.

அதோடு நின்றிருக்கலாம். நான்தான் வாயைக் கொடுத்தேன். "பந்தல், பாத்திரம், மைக் செட் எல்லாம் ஓசூர்லேர்ந்து நானே எடுத்தாந்துடறேன்" என்று போனில் சொல்லிவிட்டேன்.

"ஏன்டா, ஊத்தங்கரையில இல்லாத சாமியானாவா?" என்றாள் அக்கா.

"அக்கா, ஓசூர் சாமியானா வேற மாதிரி. வந்து பாரு, அப்புறம் பேசு."

(வேற மாதிரி எல்லாம் இல்லை. அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே எண்ணெய்க் கறை. கம்பெனியில் கூட வேலை பார்க்கும் நாகராஜின் சித்தப்பா பந்தல் கடை வைத்திருந்தார். ஓசியில் கிடைக்கும் என்பதுதான் உண்மை.)

சனிக்கிழமை கம்பெனியில் சரக்குக் கணக்கெடுப்பு, அரை நாள்தான் வேலை. மதியம் சட்டைகூட மாற்றாமல் நான்கு பேர் கிளம்பினோம். நீலச் சட்டை, கழுத்தில் அடையாள அட்டை, காலில் இரும்பு மூக்கு ஷூ. வண்டி, குட்டி யானை என்று எல்லோரும் சொல்லும் சின்ன லாரி. அதைக் கொண்டுவந்த நாகராஜ்தான் ஓட்டினான். பாகலூர்க்காரன், வீட்டில் தெலுங்கு, கடையில் கன்னடம், எங்களோடு தமிழ். மூன்று மொழியிலும் "எனக்கு ரூட் தெரியும்" என்று சொல்லத் தெரிந்தவன். பக்கத்து இருக்கையில் நான், தாய்மாமன் என்ற மரியாதையில். பின்னால் சாமான்களுக்கு நடுவே அந்தோணியும் சுடலையும். அந்தோணி கிருஷ்ணகிரிக்காரன். அவன் வீட்டுக் கிறிஸ்துமஸ் பிரியாணிக்காகவே நாங்கள் மூவரும் வருஷா வருஷம் சர்ச் வாசலில் வெள்ளைச் சட்டையில் போய் நிற்போம். சுடலை திருநெல்வேலிக்காரன். உட்கார வேறு இடம் இல்லாததால் பெரிய அண்டாவுக்குள் இறங்கி உட்கார்ந்திருந்தான். வளைவில் திரும்பும்போதெல்லாம் அண்டாவுக்குள்ளிருந்து ஒரு கெட்ட வார்த்தை எதிரொலியோடு வந்தது.

"நெடுஞ்சாலை வேணாம். ராயக்கோட்டை வழியா போலாம். எனக்கு ரூட் தெரியும்" என்றான் நாகராஜ்.

ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடைகளைப் பார்த்ததும் அந்தோணி கீழே குதித்துவிட்டான். ஒரு கூடை தக்காளி வாங்கினான். பக்கத்தில் ஒரு அம்மா இரண்டு நாட்டுக்கோழிகளைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு நின்றது. அதையும் வாங்கினான். "காதுகுத்துக்கு ஆட்டுக்கறி இருக்குதுடா, கோழி எதுக்கு?" என்றேன். "இருக்கட்டும்டா, பார்த்தா பாவமா இருந்திச்சி" என்றான். கோழியைப் பார்த்துப் பாவப்பட்டு வாங்கிய கையோடு மிளகும் பூண்டும் வாங்கினான். நாகராஜ் தன் பங்குக்கு ஒரு பை ராகி மாவு வாங்கினான். அப்போதாவது எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஊரைத் தாண்டியதும் வலது பக்கம் ஒரு மண்பாதை பிரிந்தது. இரண்டு குன்றுகளுக்கு நடுவே போய், தூரத்தில் பளபளவென்று ஏதோ ஒன்றில் முடிந்தது. "ஏரி" என்றான் நாகராஜ். வண்டியைப் பாதையின் வாயில் நிறுத்தி என்னைப் பார்த்தான். பின்னாலிருந்து சுடலை அண்டாவைத் தட்டினான்.

"ஏல குமரேசா! கூடாரம் இருக்கு, சட்டி இருக்கு, பாட்டுப் பெட்டி இருக்கு, கோழி உயிரோட இருக்கு. இன்னும் என்னல வேணும்?"

உண்மையைச் சொன்னால், என் நெஞ்சு அப்போது படபடவென்று அடித்தது பயத்தில் அல்ல, சந்தோஷத்தில். அந்த வயதில் நான் போனில் பார்த்ததெல்லாம் ஒரே மாதிரி வீடியோக்கள்தான். ஜீப்பில் மலை ஏறுவார்கள், ஆற்றில் இறங்குவார்கள், கூடாரம் அடிப்பார்கள், தீ மூட்டுவார்கள். நானோ வீட்டிலிருந்து கம்பெனி பஸ்ஸில் ஏறி, கம்பெனியிலிருந்து கம்பெனி பஸ்ஸில் வீட்டுக்கு வருபவன். என் வாழ்க்கையின் அதிகபட்ச சாகசம் இரண்டாவது ஷிஃப்டில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு போவது. "காலையில அஞ்சு மணிக்குக் கெளம்புனா ஏழு மணிக்கு ஊத்தங்கரை" என்றான் நாகராஜ். நான் பொறுப்புள்ள தாய்மாமனைப் போல ஒரு நிமிஷம் யோசிப்பதாகப் பாவனை செய்துவிட்டு, "வுட்றா வண்டிய!" என்றேன்.

விட்டான். குட்டி யானை அந்தப் பாதையில் துள்ளியது. அண்டாக்கள் ஒன்றோடொன்று மோதித் தாளம் போட்டன. கோழிகள் கத்தின, சுடலை கத்தினான், நான் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிக் காரணமே இல்லாமல் கத்தினேன். முள் கிளை ஒன்று கன்னத்தைக் கீறியது. அதற்கும் கத்தினேன், ஆனந்தமாக. ஏரி பாதிக்கு மேல் வற்றி, ஓரமெல்லாம் வெடித்த களிமண்ணாகக் கிடந்தது. "ஒரு ரவுண்டு அடிக்கலாமா?" என்றான் நாகராஜ். நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் "அடி!" என்றோம்.

முக்கால் ரவுண்டு அடித்தோம். மேலே காய்ந்திருந்த மண் உள்ளே காயவில்லை. பின் சக்கரங்கள் இரண்டும் கேசரியில் கரண்டி இறங்குகிற மாதிரி மெதுவாக இறங்கின. தள்ளினோம். இன்னும் இறங்கியது. மறுபடி தள்ளினோம். சுடலையின் ஒரு ஷூ மட்டும் மண்ணுக்குள் போய்விட்டது.

இந்த இடத்தில் புத்தியுள்ள நான்கு பேர் கவலைப்பட்டிருப்பார்கள். நாங்கள் கைதட்டினோம். வீடியோக்களில் வண்டி மாட்டிக்கொள்வதுதானே முக்கியமான கட்டம்! "காலையில ஊருக்குள்ள போயி டிராக்டர் கேட்டுக்கலாம்" என்று முடிவு செய்து, சாமான்களை மேட்டுப் பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். அங்கே ஆடு மேயும் புல்தரை. மேற்கே வெயில் சாய்ந்து, குன்றெல்லாம் தங்க முலாம் பூசியது போல இருந்தது. எனக்கு அப்படி ஒரு குஷி.

இனிதான் விபரீதம்.

நாகராஜின் சித்தப்பா சாமியானாவைக் கொடுக்கும்போது, "கம்பத்தைச் சரியான தூரத்துல நடலேன்னா துணி கிழிஞ்சிடும், பாத்துக்குங்க" என்று எச்சரித்திருந்தார். வேறு யாராவது என்றால் கண்ணால் பார்த்து நட்டிருப்பார்கள். நான் தரப் பரிசோதனைக்காரன். பாக்கெட்டில் அளவு டேப் இல்லாமல் வெளியே போகாதவன். அந்தோணியை ஒரு முனையில் நிறுத்தினேன்.

"நாலு மீட்டர் இருபது!" என்று கத்தினேன்.

"நாலு இருபது, ஓகே!" என்று அவன் கத்தினான்.

"அஞ்சு பத்து!"

"அஞ்சு பத்து, ரிஜெக்ட்! தள்ளி வா!"

மூலைகளில் நான்கு இரும்பு முளைகளை அடித்தோம். கோடு நேராக வர வேண்டும் என்று, காதுகுத்து வாசலுக்காக வைத்திருந்த கோலமாவை எடுத்து முளைக்கு முளை வெள்ளைக் கோடு இழுத்தேன். நீலச் சட்டை, கழுத்தில் அட்டை, கையில் டேப், தரையில் வெள்ளைக் கோடு. எதிர்க்கரையில் ஆடு ஓட்டிக்கொண்டிருந்த ஒரு அம்மா நின்று எங்களையே பார்த்தது. நான் கையை ஆட்டினேன். அந்த அம்மா ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு ஊரை நோக்கி ஓடியது. "ரொம்ப வெக்கப்படறாங்க" என்றேன் அந்தோணியிடம்.

சாமியானா எழுந்து நின்றது. அந்தோணி கோழியைக் கவனித்தான். நாகராஜ் களிக்குத் தண்ணீர் வைக்கச் சொன்னான். "எவ்ளோ தண்ணி?" என்றதற்கு "நாலு விரல்" என்றான். இருந்ததோ இருநூறு பேருக்குச் சமைக்கிற அண்டா. அதில் நான்கு விரல் என்பது இரண்டு குடம். தண்ணீருக்குத் தகுந்த மாவு போட்டால்தானே களி? ஒரு பை மாவையும் கொட்டினோம். நாலு பேருக்கு என்று ஆரம்பித்த களி கிண்டக் கிண்டப் பெருகிக்கொண்டே போனது. துடுப்பை இரண்டு பேர் சேர்ந்து பிடித்தும் அசையவில்லை.

இதற்குள் சுடலை மைக் செட்டைப் பேட்டரியில் மாட்டி, கூம்பு ஸ்பீக்கரைக் கம்பத்தில் கட்டிவிட்டான். "ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங்" என்றான். குன்றில் மோதி அது திரும்பி வந்தது. அவனுக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! இந்த இடம் இனிமே நம்ம இடம்! இந்த ஏரியும் நம்ம ஏரி!"

நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். சிரித்து முடித்துத் திரும்பிப் பார்த்தால், மேட்டின் மேல் ஊரே நின்றுகொண்டிருந்தது.

ஐம்பது அறுபது பேர் இருக்கும். பைக்கில், நடந்து, கையில் குழந்தையோடு, ஒருவர் கையில் மண்வெட்டியோடு. முன்னால் வந்தவர் வெங்கடப்பா. ஊரில் பெரிய விவசாயி என்று துண்டு போட்ட தோரணையிலேயே தெரிந்தது. அவர் பக்கத்தில் ஆடு மேய்த்த அதே அம்மா. அந்த அம்மாவின் பெயர் லட்சுமம்மா என்பது சுற்றி நின்ற எல்லோரும் ஒரே நேரத்தில் கூப்பிட்டதில் தெரிந்தது.

"இவங்கதான். இந்த ஒல்லி ஆளுதான் ஆபீசரு. இவன்தான் அளக்கறான், மத்தவன் எழுதிக்கறான்" என்றது லட்சுமம்மா.

"எந்தக் கம்பெனி?" என்றார் வெங்கடப்பா.

அதற்குப் பதில் சொல்லக் கூடாது என்று எனக்குத் தோன்றவில்லை. கேட்ட கேள்விக்கு உண்மையைச் சொல்லிப் பழக்கம். கம்பெனி பெயரைச் சொன்னேன், அட்டையைக் கூடத் தூக்கிக் காட்டினேன். கூட்டம் முழுக்க ஒரு முனகல் ஓடியது. எங்கள் ஜில்லாவில் கம்பெனிக்காரன் டேப்போடு வந்து நிலத்தில் கோடு போட்டால் அடுத்தது என்ன என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். எனக்கு மட்டும் அந்த நேரத்தில் தெரியவில்லை.

"எங்கள ஒரு வார்த்த கேக்காம, ஏரிய அளக்க வந்துட்டீங்களா? பந்தலு வேற போட்டு, பூஜை வேற போடறீங்களா?" என்று வெங்கடப்பா என் சட்டையின் இடப்பக்கத்தைப் பிடித்தார்.

"சார், என் நெலம் அந்த வேலமரத்துக்கு அந்தாண்ட இருக்குது. கோடு முன்னாலயே நின்னுடிச்சே! அதையும் சேத்துக்குங்க சார்" என்று இன்னொருவர் வலப்பக்கத்தைப் பிடித்தார்.

"சார், ஐ.டி.ஐ. முடிச்சிருக்கேன், பிட்டர். உள்ளூர்க்காரங்களுக்கு வேல குடுப்பீங்களா?" என்றான் ஒரு பையன். "கேன்டீன் இருக்குமா சார்?" என்றான் அவன் நண்பன்.

இந்த இடத்தில் நான் செய்ததை நினைத்தால் இன்றைக்கும் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன். வாழ்க்கையில் அதுவரை யாரும் என்னை "சார்" என்று கூப்பிட்டதில்லை. ஒரே நிமிஷத்தில் நான்கு சார். முதுகு தானாக நிமிர்ந்துவிட்டது. வாய் தானாகத் திறந்து, "கேன்டீன் கண்டிப்பா இருக்கும்" என்றது.

அவ்வளவுதான். வெங்கடப்பா நாகராஜின் கையிலிருந்த வண்டிச் சாவியைப் பிடுங்கி மடியில் முடிந்துகொண்டார்.

நாகராஜ் தெலுங்கில் விளக்கினான். பிறகு கன்னடத்தில் விளக்கினான். பிறகு தமிழில் விளக்கினான். கூட்டத்தில் மூன்று மொழிக்காரர்களும் இருந்தார்கள், மூன்று பேரும் நம்பவில்லை. மூன்று மொழி பேசுகிறான் என்றால் பெரிய கம்பெனிதான் என்று ஒருவர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

"ஐயா, நாங்க காதுகுத்துக்குப் போறோமுங்க. ஊத்தங்கரைப் பக்கம். நான் தாய்மாமனுங்க" என்றேன்.

"காதுகுத்துக்குப் போறவன் ஏரிய எதுக்குய்யா அளக்கறான்?"

நியாயமான கேள்வி.

"காலையில வி.ஏ.ஓ. வரட்டும். அவரு பத்து, பதினோரு மணிக்கு வருவாரு. அவர வச்சிப் பேசிக்கலாம். அதுவரைக்கும் யாரும் எங்கயும் போவக் கூடாது" என்றார் வெங்கடப்பா.

பதினோரு மணி! சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், தோட்டு டப்பா இருந்தது. காலை ஒன்பது மணிக்குக் கோயிலில் சொந்தக்காரர்கள் எல்லாம் கூடி நிற்பார்கள். ஆசாரி ஊசியோடு உட்கார்ந்திருப்பார். தமிழினிக்குப் புதுப் பாவாடை கட்டி, யார் மடியில் உட்கார வைப்பது என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். என் அக்கா யாரையும் பார்க்காமல் தரையைப் பார்ப்பாள். அதை நினைத்ததும் ஆபீசர் காணாமல் போய்விட்டார். கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

"எங்க அக்காகிட்டயே பேசுங்க" என்று போனை எடுத்தேன். சிக்னல் ஒரே ஒரு கோடு இருந்தது. ஸ்பீக்கரில் போட்டேன். பின்னால் நின்றவர்கள் "கேக்கல, கேக்கல" என்றார்கள். எனக்கு உதவி செய்கிற நல்ல எண்ணத்தில் சுடலை மைக்கைக் கொண்டுவந்து போன் வாயில் வைத்தான்.

அக்கா எடுத்தாள். "ஹலோ" என்றுகூட சொல்லவில்லை.

"டேய் குமரேசா! எங்கடா தொலஞ்ச?"

கூம்பு ஸ்பீக்கரிலிருந்து அது ஏரியைத் தாண்டிப் போய், குன்றில் மோதி, "தொலஞ்ச" என்று திரும்பி வந்தது. எதிர்க்கரையில் நாய்கள் குரைத்தன.

"அக்கா, நான் ஒரு ஏரியில..."

"ஏரியிலயா? பந்தல எடுத்தாடான்னா ஏரியில இன்னாடா பண்ற? ஊத்தங்கரையில இல்லாத சாமியானாவான்னு தலதலயா அடிச்சிக்கினேனே, கேட்டியா? ஒன்ன நம்பி ஒரு வேல சொன்னேன் பாரு, என்னச் சொல்லணும்! பால் பாக்கெட்டு வாங்கியாடான்னா தயிர் பாக்கெட்டு வாங்கியாறவன்தானடா நீ! பத்தாவதுல கணக்குல ஃபெயிலான அன்னிக்கு மாட்டுக் கொட்டாயில ஒளிஞ்சிக்கினவன்தானடா! பைக் ஓட்டறேன்னு நின்னுக்கினு இருந்த எரும மேல கொண்டுபோயி வுட்டவன்தானடா!"

நான் போனை அணைக்கப் போனேன். லட்சுமம்மா என் கையைத் தட்டிவிட்டு, மைக்குக்கு வாயைக் கொடுத்து, கவலையோடு கேட்டது: "எருமைக்கு இன்னா ஆச்சி, தாயி?"

"யாரு பேசறது?"

"இங்க ஏரிக்கர ஊரும்மா. எருமைக்கு இன்னா ஆச்சி?"

"எருமைக்கு ஒன்னும் ஆவலம்மா. அது நின்ன எடத்துலயே அச போட்டுக்கினு இருந்திச்சி. இவன்தான் மூணு மாசம் காலுல கட்டுப் போட்டுக்கினு கெடந்தான்."

கூட்டம் சிரித்தது. மண்வெட்டி வைத்திருந்தவர் அதைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதற்கப்புறம் அக்காவும் லட்சுமம்மாவும் என்னை மறந்துவிட்டார்கள். நான் எட்டாம் வகுப்பு வரை இருட்டுக்குப் பயந்தது, எனக்குப் பார்த்த இரண்டு பெண்களும் வேண்டாம் என்றது, எல்லாம் ஏரியைச் சுற்றிக் கூம்பு ஸ்பீக்கரில் ஒலிபரப்பானது. கடைசியில் அக்காவின் குரல் உடைந்தது. "எம்மா, அவன எப்படியாவது அனுப்பி வுடும்மா. எம் பொண்ணுக்கு ஒரே மாமன். அவன் மடியிலதான் குத்தணும்."

யாரும் சிரிக்கவில்லை. லட்சுமம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துச் சொன்னது: "இவ்ளோ திட்டு வாங்கறவன் ஆபீசரா இருப்பானா? இவன் மாமன்தான். வுடுங்க."

எல்லோரும் தலையாட்டினார்கள். வெங்கடப்பா மட்டும் அசையவில்லை. "ஏன்? ஆபீசருக்கு அக்கா இருக்கக் கூடாதா?" என்றார். ஆனால் அவர் பேச்சை யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் அதற்குள் லட்சுமம்மா அண்டாவை எட்டிப் பார்த்துவிட்டது.

"இது இன்னாடா, களியா காங்கிரீட்டா?"

துடுப்பைப் பிடுங்கி, புடவையை இழுத்துச் செருகி, கொஞ்சம் வெந்நீர் தெளித்து அது போட்ட நாலு சுற்றில் கட்டியெல்லாம் ஓடிப்போனது. ஒரு பை மாவு எங்களுக்கு வேண்டுமானால் அதிகம், அறுபது பேருக்குச் சரியாக இருந்தது. கோழிக் குழம்பு போதாது என்று வீடுகளிலிருந்து கொள்ளுக் கடைசலும், கீரையும், பச்சை வெங்காயமும் வந்தன. சாமியானாவின் கீழே வரிசையாக உட்கார்ந்தோம். சுடச்சுடக் களி உருண்டை, நடுவில் குழி, குழியில் மிளகு மணக்கும் நாட்டுக்கோழிக் குழம்பு. ஐ.டி.ஐ. பையன் எனக்குப் பரிமாறினான். இப்போது "சார்" போய் "அண்ணா" ஆகியிருந்தேன். "எருமை அண்ணா" என்று அவன் நண்பன் திருத்தினான். அதைப் போல ஒரு சாப்பாட்டை நான் அதற்கு முன்னும் சாப்பிட்டதில்லை, அதற்குப் பின்னும் சாப்பிட்டதில்லை. நண்பர்கள் மூவரும் எதிரே உட்கார்ந்து, வாயெல்லாம் குழம்பாக என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். அவமானத்தில் செத்துப்போயிருக்க வேண்டியவன் இரண்டாவது உருண்டை கேட்டேன்.

விடிந்ததும் வெங்கடப்பாவே தன் டிராக்டரைக் கொண்டுவந்தார். குட்டி யானை ஒரு பெரிய சத்தத்தோடு மண்ணிலிருந்து வெளியே வந்தது. சாவியைக் கொடுக்கும்போது, "அந்த நாலு மொளையையும் புடுங்கிட்டுப் போங்க" என்றார். மூன்றைப் பிடுங்கினோம். நான்காவது வரவில்லை. நான் நேரில் நின்று தரம் பார்த்து அடித்த முளை அது. நேரமாகிவிட்டது என்று விட்டுவிட்டோம்.

புறப்படும்போது லட்சுமம்மா ஒரு கூடையைக் கொண்டுவந்து வண்டியில் வைத்தது. வாழைப்பழம், வெல்லம், தேங்காய், மேலே ஒரு முழம் சாமந்தி. "தாய்மாமன் வெறுங்கையோட போவக் கூடாது. எங்க ஊரு சீருன்னு சொல்லு." நன்றி சொல்லத் தெரியாமல், "நாலு இருபது, ஓகே" என்று ஏதோ உளறினேன்.

கோயில் வாசலில் குட்டி யானை நின்றபோது ஒன்பதுக்குச் சில நிமிஷங்கள்தான் இருந்தன. வேட்டி மாற்ற நேரமில்லை. நீலச் சட்டை, முழங்கால் வரை ஏரி மண், உடம்பெல்லாம் கோழி வாசனை. அந்தக் கோலத்தில் மனையில் உட்கார்ந்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையை எழுதினால் காகிதம் பற்றிக்கொள்ளும். தமிழினியை மடியில் வைத்தார்கள். அவள் என் கழுத்திலிருந்த அடையாள அட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். ஆசாரி ஊசியை எடுத்தார். குழந்தை அழவில்லை. நான் அழுதேன். விசும்பி விசும்பி அழுதேன். "மாமனுக்கு ஒரு மிட்டாய் குடுங்கப்பா" என்றார் ஆசாரி. பின்னால் நின்ற அக்கா அப்போதுதான் என் தலைமேல் கை வைத்தாள்.

அதன்பின் சாமியானாவை இறக்கிப் போட்டார்கள். சாமியானாவில் பாதி சேறு. அண்டாவின் அடியில் ஒரு விரல் கனத்துக்குக் களி காய்ந்து ஒட்டியிருந்தது. "ஓசூர் சாமியானா வேற மாதிரிதான்டா" என்றாள் அக்கா.

கதை இதோடு முடிந்திருக்க வேண்டும். மறு வருஷம் பொங்கலுக்கு அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பிட்டுவிட்டு உள்ளே படுத்திருந்தேன். அக்கா வீட்டுக்காரர் மாமாவைப் பார்க்க ஒரு நிலத் தரகர் வந்தார். கூடத்தில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"உள் தகவலுங்க. ராயக்கோட்டைக்கு இந்தாண்ட ஒரு ஏரி. அதையொட்டிப் பெரிய கம்பெனி வரப்போவுது. போன வருசமே ஆபீசரு வந்து பந்தலு போட்டு, கோடு கிழிச்சி, அளந்துட்டுப் போயிருக்காரு. ஊருக்கே கோழி அடிச்சி விருந்து வச்சிருக்காரு. கேன்டீன் உண்டுன்னு அவரு வாயாலயே சொல்லியிருக்காரு. இரும்பு மொள இன்னமும் அங்கதான் இருக்குது, நானே கண்ணால பார்த்தேன். வெங்கடப்பான்னு அந்த ஊரு பெரிய மனுசரு, அவரே சொன்னாரு. இப்ப வாங்கிப் போட்டீங்கன்னா உண்டு, விட்டா நெலம் கைக்கு எட்டாது."

சமையலறையில் பாத்திரம் கழுவும் சத்தம் நின்றது. அக்கா வெளியே வந்தாள்.

"அந்த ஆபீசரு உள்ளதான் தூங்கறாரு. எழுப்பட்டுமா?"

எழுப்பியே விட்டாள். நான் லுங்கியோடு, கலைந்த தலையோடு, கன்னத்தில் பாய்த் தழும்போடு வந்து நின்றேன். மாமா சிரிப்பை அடக்கிக்கொண்டு தூணைப் பிடித்துக்கொண்டார். தரகர் என்னை மேலிருந்து கீழே பார்த்தார். பிறகு மரியாதையாக எழுந்து நின்று, மாமாவின் காதோரம் குனிந்து கேட்டார்:

"பெரிய எடத்து ஆளுங்க வீட்டுல இப்படித்தான் சாதாரணமா இருப்பாங்க. அப்ப, கம்பெனி வர்றது உறுதிதானுங்களே?"

தமிழினி இப்போது நான்காம் வகுப்பு படிக்கிறாள். நான் அவர்கள் வீட்டுக்குப் போய் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, ஸ்கேலை எடுத்துக்கொண்டு ஓடி வந்து என் தொப்பையில் வைத்து ஒரு அளவைக் கத்துவாள். சமையலறையிலிருந்து அக்கா பதில் கத்துவாள்:

"ரிஜெக்ட்!"